பனிக்கு விட்ட வழி

முறத்தின் ஓரத்தில் நான் வரிசையாக வைத்த பட்டாணிகளைப் பழனியம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் மறுபடி வைத்தேன். அவள் மறுபடி எடுத்தாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. பகல்தான், ஆனால் மேகம் தெருவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதால் விளக்கேற்றி வைத்திருந்தோம். என் வாடகை வீட்டு அடுப்பங்கரையில் அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் முறம். தை பிறந்ததும் அவள் நிலத்தில் போடவேண்டிய காய்கறிகளுக்கு அந்த முறத்தில்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் நான் காகிதத்தில்தான் போட்டேன். சிவப்பு மசி, நீல மசி, அடிமட்டம் எல்லாம் வைத்து அழகான படம். பழனியம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கெழங்கு எது, பீன்ஸு எதுன்னு ஒண்ணும் வெளங்கலைங்களே டீச்சர்" என்றாள். பிறகு அவளே எழுந்து போய் என் முறத்தை எடுத்து வந்தாள்.

உருளைக்கிழங்குக்குச் சுண்டைக்காய் அளவுப் பொடிக்கிழங்கு. பீன்ஸுக்கு பீன்ஸ் விதை. பூண்டுக்குப் பூண்டுப் பல். கேரட்டுக்குக் கொத்தமல்லி. செண்டுப்பூவுக்குக் கிள்ளிப் போட்ட மிளகாய் வற்றல். பத்து நிமிடத்தில் முறம் முழுக்கத் தோட்டம் வந்துவிட்டது. என் படத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது என்பதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

சண்டை வந்தது ஓரத்தில்தான். முறத்தின் கீழ் விளிம்பில், இரண்டு விரல் அகலத்துக்கு அவள் ஒன்றும் வைக்காமல் வெறுமனே விட்டிருந்தாள். அந்த இடத்தில்தான் நான் பட்டாணி வைத்தேன்.

"அங்கன ஒண்ணும் வேணாங்க. அது பனி போற வழி" என்றாள்.

### ஒரு வாசகியின் கடிதம்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தத் தொடரைப் படித்துவரும் ஓர் அம்மா போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். "எல்லாச் சம்பவத்திலும் நீங்களே கெட்டிக்காரியாக வருகிறீர்களே, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தப்பே செய்ததில்லையா?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. காப்பி குடித்த பிறகு கோபம் போய்விட்டது, கேள்வி மட்டும் போகவில்லை. அம்மா, இந்த வாரம் உங்களுக்காக எழுதுகிறேன். இதை எழுதக்கூடாது என்று பல வருடமாக வைத்திருந்தேன்.

### தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டிய கதை

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூக்கடை. மலைக்கு மேலே போகிற மாலையில் பாதி எங்கள் வீட்டுக் கையால் கட்டியது என்று அப்பா சொல்லிக்கொள்வார். பாதி என்பது அப்பாவின் கணக்கு, கால்வாசி இருக்கலாம். ஆசிரியர் பயிற்சி முடித்து எனக்கு வேலை உத்தரவு வந்தபோது வீட்டில் எல்லோரும் கோயிலுக்கு ஓடினார்கள். ஊர் பெயரைப் பார்த்ததும் திரும்பி வந்து அழுதார்கள்.

கொடைக்கானல் பக்கம், பள்ளங்கிக்கும் அப்பால் சரிவில் இறங்கிப் போகவேண்டிய சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்களின் பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. பழனி வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைப் பார்த்து மிரண்டுபோனது. தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்துவிடும். கம்பியால் குத்தி, கத்தியால் வெட்டித்தான் தலைக்குத் தேய்க்கவேண்டும். முதல் மார்கழியில் புடவைக்கு மேல் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் சிரித்தன. பழனியம்மாதான் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்து, "ரெண்டு சேலை கட்டுனா ரெண்டு மடங்கு ஈரந்தேன் டீச்சர்" என்றாள். அப்படித்தான் பழக்கம்.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் வீடு என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. புருஷன் இரண்டு வருடம் முன்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. சொத்து என்று இருந்தது சரிவில் படிபடியாக வெட்டிய மூன்று வயல்கள்: மேல் வயல், நடு வயல், கீழ் வயல். மேலே இரண்டும் சின்னவை. கீழ் வயல்தான் பெரியது, மண்ணும் நல்ல மண்.

### ஒரே ஒரு வெள்ளாமை

அந்த வயல்களின் மேல் அவள் கொழுந்தனுக்குக் கண். புருஷன் இல்லாத பொம்பளைக்கு மலையில் வெள்ளாமை செய்யத் தெரியாது, நிலம் பாழாகிறது, தன்னிடம் விட்டுவிட்டு அவள் பிறந்த ஊருக்குப் போகட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு முந்தின வருடம் அவள் உடம்பு முடியாமல் கிடந்து நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

நான் வந்த அடுத்த வருடம் கார்த்திகையில் ஊர் கூடியது. நான் சும்மா இருக்கிறவளா? பொம்பளைகள் பேசாத அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். உடம்பு சரியில்லாமல் இருந்ததைச் சாக்காக வைத்து ஒருத்தியின் நிலத்தைப் பிடுங்குவது நியாயமா, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். டீச்சரம்மா சொல்கிறார்களே என்று பெரியவர்கள் யோசித்தார்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "சரிம்மா பழனியம்மா, ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு. ஒழுங்கா எடுத்தேன்னா நெலம் ஒனக்குத்தேன், ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான். இல்லாட்டி ஒன் கொழுந்தன்கிட்ட விட்டுரு" என்று முடித்தார்.

அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

### ஏலத்தில் வந்த புத்தகம்

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பம்.

கொடைக்கானலில் அப்போது வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த தேசம் திரும்பிக்கொண்டிருந்தன. போகும்போது வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி ஏலம் விடுவார்கள். சாப்பாட்டு மேசை, பீங்கான் தட்டு, ஜன்னல் திரை, ஒற்றைக் கால் செருப்புகூட. நான் நல்ல கம்பளி ஒன்று வாங்கப் போனேன். கம்பளியோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் என் கையில் திணித்துவிட்டாள் அந்த வீட்டு அம்மா. தோட்டம் போடுவதைப் பற்றிய புத்தகம்.

அதில் எந்தச் செடிக்கு எந்தச் செடி துணை, எதற்கு எது ஆகாது என்று பக்கம் பக்கமாகப் படம். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் பீன்ஸ் இருந்தால் இரண்டுக்கும் நல்லது. கேரட்டின் அருகே பூண்டு வைத்தால் பூச்சி அண்டாது. ஓரமெல்லாம் செண்டுப்பூ. பூண்டும் பட்டாணியும் மட்டும் கிட்டே வரக்கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது ஜோசியர் பொருத்தம் பார்ப்பாரே, அதேதான். எனக்கு ஒரே பித்து. இரண்டு வாரம் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தினேன்.

பழனியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "இதென்னங்க அதிசயம், பூம்பாறைப் பக்கம் பூண்டுக்குள்ள என்னென்ன ஊடால போடுறாக, வந்து பாருங்க" என்றாள். கிழங்கோடு பீன்ஸ் போடுவது அவள் மாமியார் காலத்துப் பழக்கமாம். நான் காதில் வாங்கவில்லை. புத்தகத்தில் இருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், என் புத்தகத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் நிலத்தைக் காப்பாற்றவேண்டும் என்ற ஆசை எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அதைக் காப்பாற்றியது நான்தான் என்று ஊர் சொல்லவேண்டும் என்ற ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

### பனிக்குக் கால் இருக்கிறதா?

முறத்துக்கு வருகிறேன்.

கீழ் வயலின் கடைசியில் இடுப்பளவு கல்சுவர் உண்டு. அந்தச் சுவரின் நடுவில், கைகளை விரித்தால் எட்டுகிற அகலத்துக்குக் கல்லே வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஊரில் எல்லா வயலிலும் அப்படித்தான். கார்த்திகை அன்று அந்தச் சந்தில் ஓர் அகல்விளக்கு வைத்துக் கும்பிடுவார்கள். பனியை அவர்கள் பெண்ணாகத்தான் பேசுவார்கள். ராத்திரி மேலிருந்து இறங்கி வருவாளாம், வழி இருந்தால் தன் பாட்டுக்குப் போய்விடுவாளாம், வழியை அடைத்தால் அங்கேயே தங்கிவிடுவாளாம்.

புத்தகத்திலோ, காற்று அடிக்கிற பக்கம் தடுப்பு வைக்கவேண்டும் என்று அழுத்தமாகப் போட்டிருந்தது. பள்ளத்துக் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் பகலில் ஏறி வரும். கல்லை வைத்துச் சந்தை மூடி, சுவர் நெடுகக் குச்சித் தட்டி கட்டி, பெரணிச் செடியை வெட்டி அதில் அடர்த்தியாகச் செருகி, அடியில் பட்டாணியைப் போட்டுத் தட்டியிலேயே படரவிட்டால் காற்றுக்கும் தடுப்பு, காய்க்கும் காய். என் மனசுக்குள் அது அத்தனை அழகாக இருந்தது.

"பனிக்குக் கால் இருக்கா, நடந்து போறதுக்கு?" என்று கேட்டேன்.

"காலு இருக்கோ இல்லையோ, போறது மெய்தேன். விட்டுருங்க டீச்சர், அந்த எடம் மட்டும் கெடக்கட்டும்."

"விளக்கு வச்சுக் கும்பிட்டா பனி வராதா? நீயுமா இதையெல்லாம் நம்புற?"

"வெளக்கு வைக்கிறது வழக்கங்க. வழி விடுறது அதுக்காக இல்ல."

எத்தனை தெளிவான பதில்! இன்றைக்கு எழுதும்போது என் காது கூசுகிறது. அன்று என் காதில் விளக்கு மட்டும்தான் விழுந்தது. கோயிலையே நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, பயிற்சிப் பள்ளியில் நாலு புத்தகம் படித்துவிட்டு, சாமி பூதமெல்லாம் பொய் என்று கிளம்பியிருந்த காலம் எனக்கு. அகல் வைக்கிற இடத்தில் அறிவு இருக்கமுடியும் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் முறையும் அவள் பட்டாணியை எடுத்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் பேசித்தான் உனக்கு இந்த ஒரு வெள்ளாமை கிடைச்சது பழனியம்மா. ஞாபகம் இருக்கட்டும்."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கடித்துக்கொள்ளவில்லை. அவள் மடியிலிருந்த பட்டாணிகளை எடுத்து, தன் கையாலேயே அந்த இரண்டு விரல் இடத்தில் வரிசையாக வைத்தாள்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

### நல்ல நாட்கள்

தட்டியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கட்டினோம். குச்சி வெட்டியது அவள், பெரணி செருகியது நான். பொங்கல் கழித்துக் கிழங்கு ஊன்றினோம். பழனியிலிருந்து அப்பா செண்டுப்பூ விதை அனுப்பினார், கூடவே "டீச்சர் வேலைக்குப் போனாயா, தோட்ட வேலைக்குப் போனாயா?" என்று ஒரு கார்டும்.

மேல் வயலில் பூண்டும் கேரட்டும். நடு வயலில் முட்டைக்கோஸ். கீழ் வயல் முழுக்க உருளைக்கிழங்கு, இடையிடையே பீன்ஸ். ஓடையிலிருந்து தண்ணீர் கட்டுவது அவள் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வயலுக்குத்தான் போவேன். மண்ணைப் பிளந்துகொண்டு கிழங்குத் தளிர் வந்த அன்று, பழனியம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏலே, வந்துட்டியாலே" என்று கொஞ்சினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். கொழுந்தனும் ஒரு நாள் வந்து வரப்பில் நின்றார். தட்டியைக் காட்டி, "இதை யாரு கட்டச் சொன்னது?" என்று கேட்டார். பழனியம்மா குனிந்து கிழங்குக்கு மண் அணைத்தாள். அவர் உதட்டுக்குள் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்திருக்கும்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தை போய்விட்டது. கிழங்குச் செடி முழங்கால் உயரம் வரப்போகிறது. "பாத்தியா, உன் பனி வரவே இல்லையே" என்று நான் கேலிகூடச் செய்தேன்.

"மாசி இன்னும் கெடக்குங்க" என்றாள்.

### அந்தக் காலை

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். முந்தின நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை, இலை அசையவில்லை. வெள்ளனே கதவு தட்டுகிற சத்தம். பழனியம்மா நின்றாள்.

"வாங்க டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். கூடவே ஓடினேன்.

கீழ் வயல் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் வெள்ளையாக இருந்தது. உப்பைக் கொட்டிப் பரப்பின மாதிரி. ஒவ்வோர் இலையும் கண்ணாடியாக விறைத்து நின்றது. தொட்டால் நொறுங்கியது. அடுத்த வயல்களைப் பார்த்தேன். அங்கேயும் பனி விழுந்திருந்தது, ஆனால் ஓரத்து வரிசைகள் மட்டும்தான் வெளுத்திருந்தன. எங்கள் மேல் வயலிலும் நடு வயலிலும்கூடப் பெரிய சேதம் இல்லை. கீழே மட்டும் தேங்கி நின்றிருக்கிறது.

பழனியம்மா நேரே தட்டிக்குப் போனாள். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பிடுங்கி எறிந்தாள். சந்தில் நான் அடுக்கிய கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைசிக் கல் விழுந்ததும் என் கணுக்காலை உரசிக்கொண்டு குளிர் போயிற்று. மடை திறந்தால் தண்ணீர் போகுமே, அப்படி. செருப்பில்லாத காலில் அது போவதைத் தெளிவாக உணர்ந்தேன்.

"இப்பப் போறா பாருங்க" என்றாள் அவள்.

வெயில் ஏறியதும் வெள்ளை மறைந்தது. அரை மணி நேரத்தில் செடியெல்லாம் கறுத்துத் தொங்கிவிட்டது. கீரையை வேகவைத்து வடித்த வாசனை வயல் முழுக்க. பீன்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், அந்த வாரம்தான் நாலாம் வகுப்புக்கு நான் காற்றுப் பாடம் நடத்தியிருந்தேன். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். கரும்பலகையில் அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்கினேன். பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைத்தேன். அவர்கள் ஒப்பித்தார்கள். பழனியம்மாவின் முறத்தில் இருந்ததும் அதே பாடம்தான் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

### "நீங்க என்ன சொல்றீங்க டீச்சரம்மா?"

இதுவரை எழுதியது தப்பு. தப்பு யாருக்கும் வரும். இனிமேல் எழுதப்போவதற்கு அந்தப் பெயர் போதாது.

இரண்டு நாள் கழித்து கொழுந்தன் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வயலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் இருந்தேன். கறுத்துக் கிடந்த செடிகளைக் காட்டி, "பனிக்கு வழி விடத் தெரியாதவளுக்கு நெலம் எதுக்குங்க? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே" என்றார்.

மூத்தவர் சுவரின் இடைவெளியையும் உடைந்து கிடந்த தட்டியையும் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பழனியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ இங்க வாக்கப்பட்டு வந்து பத்து வருசம் ஆச்சு. ஒனக்கா இது தெரியாது? யாரு அடைச்சது? வேற யாரும் அடைச்சிருந்தாச் சொல்லு. அது ஒன் குத்தத்துல சேராது. இன்னொரு வெள்ளாமை பாப்போம்."

பழனியம்மா என்னைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். அதில் கெஞ்சல் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

நான் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். "நான்தான் அடைச்சேன், அவ வேண்டாம்னா" என்று சொல்லவேண்டும். நாலே வார்த்தை. அவள் நிலம் அவளிடமே இருந்திருக்கும்.

என் வாய் திறக்கவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. அடித்துவிடுவார்களா? அதுவும் இல்லை. வெட்கம். வெறும் வெட்கம். கார்த்திகைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து பேசினவள், சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லமுடியாமல் நின்றேன்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க டீச்சரம்மா? நீங்களும் இங்கனதான கெடையா கெடந்தீங்க?"

நான் சொன்னேன். அதை அப்படியே எழுதுகிறேன், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"எனக்கு வெள்ளாமையைப் பத்தி என்னங்க தெரியும்?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், டீச்சரம்மாவுக்கு என்ன தெரியும்.

பழனியம்மா என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். "நாந்தேன் அடைச்சேன். புத்தி கெட்டுப்போயி அடைச்சுப்புட்டேன்" என்றாள்.

கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

### பேத்துப்பாறை

பங்குனியில் அவள் பேத்துப்பாறைக்குப் போனாள், அண்ணன் வீட்டுக்கு. போகிற அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இருந்தேன் என்ன, விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் போன பிறகு கருகிய கிழங்குச் செடிகள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. தோண்டிப் பார்த்த கொழுந்தனுக்குக் கோலிக்குண்டு அளவில் கிழங்கு கிடைத்ததாகச் சொன்னார்கள். எனக்கு அடுத்த வருடமே கொடைக்கானல் டவுனுக்கு மாற்றல் வந்தது. கல்யாணமும் ஆனது. எங்கள் வீட்டில் ரோஜா வைத்தோம். காய்கறி ஒன்றும் வைக்கவில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டதுண்டு. மண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பேத்துப்பாறை அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஆனாலும் அங்கே போக எனக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று. பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் அந்த ஊர்க்காரர் யாராவது ஏறினால் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுவில், இனி முடியாது என்று ஒரு நாள் போனேன். பழனியம்மா யாரோ ஒருவருடைய தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். நாள் கூலி. இளைத்திருந்தாள், முன் நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் தலையில் முக்காடாகப் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு, "வாங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்கவேண்டும், தப்பு முழுக்க என்னுடையது, அந்த ஊர்ப் பெரியவரிடம் இப்போது போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அழுதேன்கூட. அவள் அழவில்லை.

"பெரியவரு செத்து நாலு வருசமாச்சுங்க. நெலத்தைக் கொழுந்தன் வித்துட்டாரு."

அவள் கையிலிருந்த சாக்கை உதறினாள்.

"அன்னைக்கு நான் ஒங்களைக் காட்டிக் குடுத்திருக்கலாம். நீங்களே சொல்லிருவீங்கன்னுதேன் ஒங்களைப் பாத்தேன்" என்றாள்.

"என்னை மன்னிச்சிடு பழனியம்மா. ஏதாவது பேசு. திட்டவாவது செய்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு நெலம் இருந்திருக்கும். இன்னைக்குச் சொன்னா ஒங்களுக்குத் தூக்கம் வரும். இதுல எனக்கு என்னங்க இருக்கு டீச்சர்?"

தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டார். அவள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பஸ்ஸு போயிரும். வெரசாப் போங்க" என்றாள்.

நான் போனேன்.